பழைய ஷெவர்லே பிக்கப்பின் ஸ்டீயரிங் கம்பத்தைக் கழற்றுதல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

1973 முதல் 1987 வரையிலான மாடல்களாக அமெரிக்காவில் விற்கப்பட்ட ஷெவர்லே சி/கே பிக்கப் வண்டிகளையும், அதே உடலமைப்புடன் வந்த ஜிஎம்சி வண்டிகளையும் வைத்தே இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. ‘ஸ்கொயர் பாடி’ என்று பெயர் பெற்ற இந்த வண்டிகளில், அதுவரை டேஷ்போர்டில் இருந்த சாவித் துவாரம் 1973 மாடலில்தான் ஸ்டீயரிங் கம்பத்துக்கு இடம் மாறியது. அதனால் கம்பத்துக்குள் ஸ்டீயரிங் ஷாஃப்ட் மட்டுமன்றி, ஸ்டீயரிங்கைப் பூட்டும் அமைப்பு, இக்னிஷன் சுவிட்சை இயக்கும் கம்பி, இண்டிகேட்டர் சுவிட்ச், ஹாரன் தொடர்பு, கம்பத்திலேயே கியர் லீவர் உள்ள வண்டிகளில் கியர் மாற்றும் குழாய் ஆகிய அனைத்தும் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருக்கின்றன. கழற்றும்போது கம்பம் வர மறுக்கிறது என்றால், இவற்றில் ஏதோ ஒன்று எங்கோ இன்னும் பிணைந்திருக்கிறது என்பதே ஏறக்குறைய எப்போதும் காரணமாக இருக்கும்.

இந்த வண்டிகளில் ஏர்பேக் கிடையாது. 1994 மாடல் முதல் ஃபோர்டு எஃப்-150, டாட்ஜ் ராம் வண்டிகளிலும், 1995 மாடல் முதல் ஷெவர்லேயின் பெரிய பிக்கப்களிலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக் வந்துவிட்டது. அத்தகைய வண்டியில் கீழே சொல்லப்படும் முறையை அப்படியே பின்பற்றக் கூடாது. பேட்டரியைப் பிரித்த பிறகும் ஏர்பேக் சுற்றில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதால், அந்தந்த வண்டியின் பணிமனைக் கையேடு குறிப்பிடும் நேரம் வரை காத்திருந்து, அது சொல்லும் வரிசைப்படி மட்டுமே வேலை செய்ய வேண்டும்.

சுத்தியல் ஏன் ஆகாது

மோதலின் விசையை வாங்கிக்கொண்டு சுருங்கும் கம்பத்தை ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் அறிமுகப்படுத்தியது. அதன் சாகினா பிரிவு தயாரித்த அந்த வடிவமைப்பின் வழியில் வந்ததே இந்தப் பிக்கப்களில் உள்ள கம்பமும். இதன் ஷாஃப்ட் பார்வைக்கு ஒரே தண்டாகத் தெரிந்தாலும் உண்மையில் அது இரண்டு துண்டுகள்; ஒன்று மற்றொன்றுக்குள் நுழைந்து நிற்க, பக்கவாட்டுத் துளைகள் வழியே உருக்கிச் செலுத்தப்பட்ட பிளாஸ்டிக் அவற்றை நழுவாமல் பிடித்திருக்கிறது. கியர் மாற்றும் குழாயும் அவ்வாறே பிளாஸ்டிக்கால் இணைக்கப்பட்டதுதான். வெளிக்குழாயும் இரண்டு பகுதிகளாகவே இருக்கிறது. அவ்விரண்டுக்கும் இடையே சிறிய எஃகுக் குண்டுகள் இறுக்கமாக அழுத்தி வைக்கப்பட்டுள்ளன. வண்டி எதிலாவது மோதும்போது பிளாஸ்டிக் அறுந்து, குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்குகின்றன. இறங்கும்போது குண்டுகள் உலோகத்தில் தடம் பதித்துக்கொண்டே நகர்வதால் விசை சிறுகச் சிறுக உறிஞ்சப்படுகிறது.

மோதலில் வரும் அடிக்கும் சுத்தியலால் விழும் அடிக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பிளாஸ்டிக்குக்குத் தெரியாது. ஷாஃப்டின் முனையில் ஓங்கி ஓர் அடி அடித்தாலும், கழற்றிய கம்பத்தை முனை தரையில் படும்படி நழுவ விட்டாலும், பெஞ்சின் மேல் கிடக்கும் கம்பத்தின் மீது சாய்ந்து நின்றாலும் அது அறுந்துபோகவோ வெளிக்குழாய் வளைந்துபோகவோ கூடும். வண்டிக்குள் பொருத்தப்பட்டிருக்கும்வரை உறுதியாக இருக்கும் இந்தப் பொருள், வெளியே எடுத்த கணத்திலிருந்து மிக எளிதில் கெடக்கூடியதாகிவிடுகிறது என்பதைப் பணிமனைக் கையேடுகளும் தனி எச்சரிக்கையாகவே அச்சிட்டிருக்கின்றன. ஆகவே கீழே எந்த அறிகுறியைப் பற்றிப் பேசினாலும், “இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினால் வந்துவிடும்” என்ற எண்ணத்துக்கு மட்டும் இடமே இல்லை.

தொடங்குமுன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களை நேராக வைத்து, பார்க்கிங் பிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். கட்டை வைப்பது சடங்குக்காக அன்று. கம்பத்தில் கியர் லீவர் உள்ள வண்டியில், லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கம்பியைப் பிரித்த பிறகு, உள்ளே லீவர் ‘பார்க்’ நிலையில் இருப்பதற்கும் கியர்பாக்ஸ் அந்த நிலையில் இருப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் போகிறது; அடியில் கையோ கருவியோ பட்டு கியர்பாக்ஸின் கை நகர்ந்துவிட்டால் வண்டி உருளத் தொடங்கும்.

அடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைப் பிரிக்க வேண்டும். ஹாரன் சுற்றில் சாவி இல்லாமலேயே மின்சாரம் எப்போதும் இருக்கிறது. ஸ்டீயரிங் வீலின் நடுவே உள்ள தொடர்பு உலோகத்தில் பட்டாலே ஹாரன் அலறும். இக்னிஷன் சுவிட்சுக்கு வரும் தடித்த கம்பிகளிலும் அவ்வாறே எப்போதும் மின்சாரம் இருப்பதால், ஸ்பேனர் ஒன்று தவறி அங்கே பட்டால் ஹாரன் அலறுவதோடு நிற்காது.

பெயின்ட் மார்க்கர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பிரிக்கப்போகும் ஒவ்வோர் இணைப்பிலும், அதாவது வீலின் நடுப்பகுதிக்கும் ஷாஃப்டுக்கும், ஷாஃப்டுக்கும் அதன் கீழுள்ள இணைப்புக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். தொழிற்சாலை இட்ட குறி சில இடங்களில் ஏற்கெனவே இருக்கும். ஐம்பது ஆண்டு அழுக்குக்குக் கீழே அதைத் தேடுவதைவிடப் புதிதாக ஒன்று போடுவதே எளிது.

அறிகுறி: வீல் மொத்தமாக மேலும் கீழும் ஆடுகிறது

கம்பத்தைக் கழற்றத் துணிபவர்களில் பெரும்பாலோரை அந்த முடிவுக்குத் தள்ளுவது இந்த அறிகுறிதான். ஆனால் இதற்குக் கம்பத்தைக் கழற்றவே தேவையில்லை. சாய்வை மாற்றிக்கொள்ளக்கூடிய டில்ட் வகைக் கம்பத்தில், மேல்பகுதியைத் தாங்கும் உலோகத் தலையை வெளிக்குழாயுடன் பிணைக்கும் நான்கு போல்ட்டுகள் காலப்போக்கில் தளர்ந்துவிடுகின்றன. வண்டிக்குள் ஏறும்போது வீலைப் பிடித்துத் தொங்கி ஏறும் பழக்கம் உள்ளவர்களின் வண்டியில் இது இன்னும் விரைவாக நேர்கிறது. அந்த நான்கு போல்ட்டுகளின் தலை நட்சத்திர வடிவில் வெளிப்புறமாக அமைந்திருப்பதால், சாதாரண சாக்கெட் அவற்றைப் பிடிக்காது. இ8 அளவுள்ள நட்சத்திர சாக்கெட் தேவை.

அவற்றை அடைவதற்கு வீல், அதன் கீழே ஸ்டீயரிங்கைப் பூட்ட உதவும் பூட்டுத் தகடு, இண்டிகேட்டர் சுவிட்ச் ஆகியவற்றை வரிசையாக எடுத்துவிட்டு, டில்ட் தலையைப் பிடித்திருக்கும் இரண்டு சுழல் ஊசிகளையும் இழுத்தெடுக்க வேண்டும். அந்த ஊசிகளை இழுக்கச் சிறிய மரையாணிப் புல்லர் உண்டு. ஊசிகளைத் தொடுவதற்கு முன் வீலை மிக மேலான நிலைக்குக் கொண்டுவந்து, உள்ளே இருக்கும் டில்ட் ஸ்பிரிங்கைக் கட்டுப்பாட்டோடு வெளியே எடுத்துவிட வேண்டும். அது வலுவான ஸ்பிரிங், அதன் மூடியைத் திருப்பி விடுவிக்கும்போது முகத்தை அதற்கு நேராக வைத்துக்கொள்ளக் கூடாது. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மரையைத் துடைத்து, மரைப்பூட்டுப் பசை தடவி, மீண்டும் இறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும். இவ்வளவும் கம்பம் வண்டியில் இருக்கும்போதே செய்யக்கூடியவை. வண்டியே கம்பத்தைப் பிடித்துக்கொள்வதால் பெஞ்சில் செய்வதைவிட இதுவே வசதியானதும்கூட.

அறிகுறி: வீலைச் சிறிது திருப்பினாலும் சக்கரம் அசைவதில்லை

இது அநேகமாகக் கம்பத்தின் பிழை அன்று. உதவியாளர் ஒருவர் வீலை இடமும் வலமுமாகச் சற்றே அசைத்துக்கொண்டிருக்க, நீங்கள் பானெட்டைத் திறந்து கம்பத்திலிருந்து ஸ்டீயரிங் பாக்ஸ் (வீலின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பற்சக்கரப் பெட்டி) வரை செல்லும் இடைத்தண்டைப் பார்க்க வேண்டும். தண்டின் மேல்முனை திரும்பியும் கீழ்முனை தாமதித்தால், தண்டின் இணைப்போ ‘ரேக் ஜாயின்ட்’ எனப்படும் ரப்பர்த் துணி வட்டோ தேய்ந்திருக்கிறது. பாக்ஸின் உள்ளே செல்லும் தண்டு திரும்பியும் அதன் அடியிலிருந்து அசைவை வெளியே கடத்தும் பிட்மேன் கை அசையாமல் நின்றால் தேய்மானம் பாக்ஸில் இருக்கிறது. அதற்கும் அப்பால் என்றால், சக்கரங்களைத் திருப்பும் தண்டுகளான டை ராடுகளைத்தான் பார்க்க வேண்டும். இம்மூன்றில் எதற்கும் வண்டிக்குள் கம்பத்தைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

அறிகுறி: சாவி திரும்புகிறது, ஸ்டார்ட்டர் ஓடவில்லை

இந்தக் கம்பத்தில் சாவித் துவாரமும் இக்னிஷன் சுவிட்சும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. சாவி திருப்பும் சிறு பற்சட்டம் ஒரு நீண்ட கம்பியைத் தள்ளுகிறது. அந்தக் கம்பி, டேஷ்போர்டுக்குக் கீழே கம்பத்தின் முதுகில் திருகப்பட்டுள்ள சுவிட்சை நகர்த்துகிறது. சுவிட்சின் இருக்கைத் துளைகள் நீள்வட்டமானவை என்பதால், திருகு தளர்ந்து சுவிட்ச் சற்று நகர்ந்தாலும் சாவியின் நிலைக்கும் சுவிட்சின் நிலைக்கும் பொருத்தம் கெட்டுவிடும். சாவி வழக்கத்தைவிடத் தளர்வாகவும் எதிலும் படாமல் சுழல்வதாகவும் இருந்தால், உள்ளே உள்ள வார்ப்புலோகச் சட்டம் உடைந்திருக்கலாம்.

சுவிட்சை அடைய, டேஷ்போர்டின் தாங்கியில் கம்பத்தைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைக் கழற்றி, கம்பத்தைச் சிறிது கீழே இறக்கினால் போதும். ஆனால் இறக்கிய கம்பத்தைக் கீழ்முனையின் பலத்தில் மட்டும் தொங்க விட்டுவிடக் கூடாது. அவ்வாறு விட்டால் வெளிக்குழாய் வளையக்கூடும். இருக்கையின் மேல் மரக்கட்டை அல்லது மடித்த போர்வை வைத்து, வீலின் எடையை அதில் தாங்கச் செய்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும்.

எனவே கம்பத்தை முழுமையாகக் கழற்ற வேண்டிய காரணங்கள் சொற்பமே: ஷாஃப்ட் சுருங்கியிருப்பது, வெளிக்குழாய் வளைந்திருப்பது, கியர் மாற்றும் குழாயோ அதன் தலையோ உடைந்திருப்பது, அல்லது முழுக் கம்பத்தையும் மாற்றுவது. இவற்றில் ஒன்றுதான் காரணம் என்று உறுதியான பிறகு தொடரலாம்.

அறிகுறி: நட்டு கழன்றுவிட்டது, வீல் வரவில்லை

ஹாரன் பொத்தானை எடுத்தால் நடுவே வீல் நட்டு தெரியும்; பெரும்பாலும் அதற்கு 13/16 அங்குல சாக்கெட் பொருந்தும். நட்டுக்கு மேலே கம்பி வளையம் போன்ற கிளிப் இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். நட்டைத் தளர்த்தும்போது வீலைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டுமேயன்றி, சாவியை எடுத்து ஸ்டீயரிங் பூட்டின் பலத்தில் விட்டுவிடக் கூடாது. பூட்டு ஊசியும் பூட்டுத் தகடும் அந்த முறுக்கத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

வீல் ஷாஃப்டின் மீது பற்களால் இறுக்கமாக அமர்ந்திருக்கிறது. கையால் இழுத்தால் வருவதில்லை. வளையத்தைப் பிடித்து முன்னும் பின்னும் உலுக்கினால் வளையம்தான் கோணும். பின்புறமிருந்து தட்டினால், ஷாஃப்டைப் பிணைத்துள்ள பிளாஸ்டிக்கின் மேல் அந்த அதிர்ச்சி முழுவதும் இறங்கும். வீலின் நடுப்பகுதியில் இதற்காகவே இரண்டு மரைத் துளைகள் விடப்பட்டிருக்கின்றன. அவை 5/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 18 மரையும் கொண்டவை. வீலை இழுத்தெடுப்பதற்கென்றே உள்ள புல்லரின் இரண்டு பக்க போல்ட்டுகளை அவற்றில் திருகி, நடு போல்ட்டை ஷாஃப்டின் முனையில் வைத்து மெதுவாக இறுக்கினால் ஒரு ‘டக்’ ஒலியோடு வீல் விடுபடும்.

புல்லர் பாதுகாப்பானதாகவும் சுத்தியல் ஆபத்தானதாகவும் இருப்பதற்குக் காரணம் விசை பயணிக்கும் வழி. புல்லர் வீலை மேலே இழுக்கும் அளவுக்கே ஷாஃப்டைக் கீழே தள்ளுகிறது. வீல் அதே ஷாஃப்டில் அமர்ந்திருப்பதால் அந்த இரு விசைகளும் ஷாஃப்டின் மேல்முனைக்குள்ளேயே ஒன்றையொன்று சமன்செய்துவிடுகின்றன, கீழேயுள்ள பிளாஸ்டிக் இணைப்பு வரை எதுவும் செல்வதில்லை. அடியோ ஷாஃப்டின் வழியே நேராக அந்த இணைப்புக்குத்தான் போய்ச் சேரும்.

பக்க போல்ட்டுகளைத் தேவைக்கு மேல் ஆழமாகத் திருகினால், அவை மறுபுறம் வெளிவந்து இண்டிகேட்டரை அணைக்கும் கேமின் மேலோ பூட்டுத் தகட்டின் மேலோ முட்டும். வீல் வராததோடு உள்ளே பிளாஸ்டிக்கும் உடையும். ஆறேழு சுற்று மரை பிடித்திருப்பதே போதுமானது. பக்க போல்ட்டுகள் துளையில் சிரமமின்றி ஏறவில்லை என்றால் நிறுத்திவிட்டு மரையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஷாஃப்டின் முனை மரையிலும் இதே கவனம் தேவை: இந்தக் குடும்பக் கம்பங்களில் 9/16 அங்குலம், 18 மரை கொண்ட ஷாஃப்டும் உண்டு, 14 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை கொண்டதும் உண்டு. பூட்டுத் தகட்டை அழுத்தும் கருவியோடு இரண்டு மரைக்கும் தனித்தனித் துணைப்பாகம் வருவது அதனால்தான். ஒன்றின் நட்டை மற்றொன்றில் பலவந்தமாக ஏற்றினால் ஷாஃப்டே வீணாகும்.

அறிகுறி: போல்ட்டைத் தளர்த்தியும் கீழ் இணைப்பு பிரியவில்லை

கம்பத்தின் கீழ்முனையை இடைத்தண்டோடு பிணைக்கும் இணைப்பு, ஒரு பிளவுபட்ட கவ்வியும் அதை நெருக்கும் ஒரு போல்ட்டுமாக அமைந்திருக்கிறது. அந்த போல்ட் கவ்வியை நெருக்குவதோடு நிற்காமல், ஷாஃப்டில் வெட்டப்பட்ட பள்ளத்தின் குறுக்காகவும் செல்கிறது. போல்ட் தளர்ந்துவிட்டாலும் ஷாஃப்ட் நழுவி வெளியே வந்துவிடாமல் காப்பது அந்தப் பள்ளம்தான். ஆகவே தளர்த்துவது போதாது, போல்ட்டை முழுவதுமாக உருவி எடுக்க வேண்டும். ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கத்து இணைப்பிலும் இதே ஏற்பாடுதான். அதன் போல்ட் பன்னிரண்டு முனைத் தலை கொண்டது, 7/16 அங்குல சாக்கெட் பொருந்தும். ஆறு முனை சாக்கெட்டை அதில் திணித்தால் தலை தேய்ந்து வேலை இரட்டிப்பாகும்.

போல்ட் வெளியே வந்த பிறகும் பிரியவில்லையெனில் துருதான் பிடித்திருக்கிறது. ஷாஃப்டும் கவ்வியும் சேரும் இடத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, துருநீக்கி எண்ணெய் தெளித்து, அவசரப்படாமல் ஓர் இரவு ஊற விடுவது நல்லது. பிறகு கவ்வியின் பிளவில் தட்டையான ஸ்க்ரூடிரைவர் முனையை நுழைத்துச் சற்றே விரித்து, கவ்வியை ஷாஃப்டின் நீளவாக்கில் அசைத்து நகர்த்தலாம். அப்போதும் அசையாவிட்டால் அந்த இணைப்போடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, ரேக் ஜாயின்டின் இரண்டு நட்டுகளைக் கழற்றி, இடைத்தண்டைப் பாக்ஸ் பக்கத்தில் பிரித்துவிடலாம். தண்டு கம்பத்தோடு சேர்ந்தே வெளியே வரத் திறப்பு இடங்கொடுத்தால், இணைப்பை மேசையின் மேல் வைத்து நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ரேக் ஜாயின்டின் இரண்டு ஸ்டட்டுகளும் ஒரே அளவுடையவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று 5/16 அங்குலம், மற்றொன்று 3/8 அங்குலம். தலைகீழாகப் பொருத்திவிட முடியாதபடி வேண்டுமென்றே அவ்வாறு செய்திருக்கிறார்கள்.

அறிகுறி: எல்லாம் கழன்றும் கம்பம் அசையவில்லை

டேஷ்போர்டுத் தாங்கியின் இரண்டு நட்டுகளையும் எடுத்த பிறகும் கம்பம் சிக்கியிருந்தால், சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் கால்மிதிக்கு அருகே, கம்பம் தரைத் தகட்டைக் கடக்கும் பகுதி. அங்கே மேல்மூடி ஒன்றும், அதற்கடியில் இரண்டு பாதிகளாகக் கம்பத்தைச் சுற்றி அணைத்திருக்கும் தகடும், ரப்பர் அடைப்பும் இருக்கின்றன. பாதிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் திருகுகள் வேறு, அவற்றைத் தரையோடு பிணைக்கும் திருகுகள் வேறு. கார்ப்பெட்டின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு திருகு முழுக் கம்பத்தையும் பிடித்து நிறுத்தப் போதுமானது. டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பதோடு விரலாலும் தடவிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது இடம் கியர் இணைப்பு. கம்பத்தின் அடியில், இன்ஜின் அறைப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குச் செல்லும் கம்பியைக் கிளிப்பை எடுத்துப் பிரித்திருக்க வேண்டும். கம்பத்தில் லீவர் கொண்ட மூன்று வேக மேனுவல் வண்டியில் இத்தகைய லீவர்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றை மறப்பது எளிது. கியர் நிலையை மீட்டரில் காட்டும் மெல்லிய கேபிள் உள்ள வண்டியில் அதையும் விடுவிக்க வேண்டும், இழுத்தால் அறுந்துவிடும்.

மூன்றாவது இடம் மின்கம்பிகள். இண்டிகேட்டர் சுவிட்சின் தட்டையான நீண்ட கனெக்டர் கம்பத்தை ஒட்டியே இருப்பதால் கண்ணில் படும். இக்னிஷன் சுவிட்சின் கனெக்டர்களும், ஆட்டோமேட்டிக் வண்டியில் கம்பத்தின் மேலுள்ள நியூட்ரல் சுவிட்சின் கனெக்டரும் டேஷ்போர்டின் நிழலில் மறைந்திருக்கும். கம்பியைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் பூட்டு நாக்கை அழுத்திப் பிரிக்க வேண்டும்; பல ஆண்டு வெயிலிலும் குளிரிலும் இறுகிப்போன பிளாஸ்டிக் சிறு வளைவுக்கும் உடையும்.

அறிகுறி: பாதி வெளியே வந்து துளையில் சிக்குகிறது

இங்கே இன்னொரு ஆள் தேவை. கம்பத்தின் கீழேயுள்ள கியர் லீவர், இன்ஜின் அறையைப் பிரிக்கும் தடுப்புத் தகட்டின் துளை வழியாக ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் வெளிவரும். ஒருவர் வண்டிக்குள் கம்பத்தின் எடையைத் தாங்கிக்கொண்டு மெதுவாகச் சுழற்ற, மற்றவர் இன்ஜின் அறையிலிருந்து லீவரைத் துளைக்குள் வழிகாட்ட வேண்டும். இருக்கையை முன்கூட்டியே கடைசி வரை பின்னால் தள்ளிவிட்டால் கம்பத்தைச் சாய்க்க இடம் கிடைக்கும். சிக்கிய நிலையில் வெளிக்குழாயை நெம்புகோலாகக் கொண்டு அழுத்தினால், அதன் இரு பகுதிகளும் சேருமிடத்தில் வளைவு விழும். பிறகு நேராக்கினாலும் குண்டுகள் பழைய இறுக்கத்துக்குத் திரும்புவதில்லை.

வெளியே வந்த கம்பத்தை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைக்காமல், போர்வையின் மேல் படுக்கையாக வைக்க வேண்டும்.

அறிகுறி: கழற்றிய கம்பத்தின் ஷாஃப்ட் கையால் தள்ளினால் உள்ளே நழுவுகிறது

பிளாஸ்டிக் அறுந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. ஷாஃப்டின் பக்கவாட்டுத் துளைகளில் பிளாஸ்டிக் வெட்டுப்பட்டு நகர்ந்திருப்பதும், சில வேளை அதன் துணுக்குகள் குழாய்க்குள்ளிருந்து உதிர்வதும் இதை உறுதிப்படுத்தும். ஷாஃப்டின் இரண்டு துண்டுகளும் வட்டமாக இல்லாமல் பக்கங்கள் தட்டையாக்கப்பட்டிருப்பதால், பிளாஸ்டிக் அறுந்த பின்னும் திருப்பும் விசை கீழே கடத்தப்படும். வீலைத் திருப்பினால் சக்கரமும் திரும்பும். அதை வைத்து ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. முதலில் கடகடவென்ற ஓசையாக வெளிப்படும் அந்தத் தளர்ச்சி பின்னர் தேய்மானமாக வளரும். பற்றவைத்தோ குறுக்கே துளையிட்டு எஃகு ஊசி அடித்தோ ஷாஃப்டை நிலைநிறுத்துவது அதைவிடத் தவறானது. மோதலில் சுருங்க வேண்டிய பொருள் அதன் பிறகு சுருங்காது. ஷாஃப்டை மாற்றுவது ஒன்றே வழி. வெளிக்குழாயையும் கியர் குழாயையும் அதே நேரத்தில் சோதித்துவிட வேண்டும், ஏனெனில் ஷாஃப்டை அறுத்த அடி அவற்றைத் தொடாமல் போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

திரும்பப் பொருத்திய பின் தோன்றும் அறிகுறிகள்

வீலைத் திருப்புவது கனமாகவோ ஓரிடத்தில் உரசுவதாகவோ இருந்தால், ஒரு முனையை இறுக்கிவிட்டு மறுமுனையை இழுத்துப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். கீழ் இணைப்பு, தரைத் தகடு, டேஷ்போர்டுத் தாங்கி ஆகிய மூன்றையும் முதலில் விரலால் இறுக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றி, கம்பம் தன் இயல்பான இடத்தில் அமர்ந்ததைப் பார்த்த பிறகு, கையேட்டின் வரிசைப்படி முழுவதும் இறுக்க வேண்டும். ரேக் ஜாயின்டின் ரப்பர் வட்டு குடைபோல் வளையாமல் தட்டையாக நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய போல்ட் தொலைந்துவிட்டது என்று கையில் கிடைத்த நீளமான போல்ட்டைப் போடுவது இங்கே தீங்கானது. நீண்டு நிற்கும் முனை கம்பம் சுருங்க வேண்டிய பாதையை மறிக்கக்கூடும்.

வண்டி நேராகச் செல்லும்போது வீல் கோணலாக இருந்தால், தொடக்கத்தில் இட்ட குறிகள் எங்கே தவறின என்று மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். சிறிய கோணல் வீலின் பற்களில் ஒரு பல் மாறியதால் வந்திருக்கும். வீலைப் புல்லரால் மீண்டும் எடுத்து, குறிக்குக் குறி சேர்த்து அமர்த்தி, நட்டைச் சுமார் 30 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். டை ராடைத் திருகி வீலை நேராக்குவது குறுக்குவழி. அதனால் ஸ்டீயரிங் பாக்ஸின் நடுநிலை நகர்ந்துவிடும்.

பேட்டரியை இணைத்ததும் ஹாரன் நிற்காமல் ஒலித்தால் வீலின் நடுவிலுள்ள ஹாரன் தொடர்பின் ஸ்பிரிங்கோ காப்பு வளையமோ இடம் மாறி அமர்ந்திருக்கிறது. இண்டிகேட்டர் தானாக அணையவில்லை என்றால், கேமின் மேடும் சுவிட்சின் நாக்கும் ஒன்றையொன்று தொடும்படி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நாக்கு உடைந்திருந்தால் சுவிட்சை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஆட்டோமேட்டிக் வண்டியில் ஸ்டார்ட்டர் சோதனையைக் கடைசியாக, சக்கரங்களுக்கு வைத்த கட்டைகளை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டும். கால் பிரேக்கை அழுத்தியபடி, ‘பார்க்’ நிலையிலும் ‘நியூட்ரல்’ நிலையிலும் ஸ்டார்ட்டர் ஓட வேண்டும்; ‘டிரைவ்’, ‘ரிவர்ஸ்’ நிலைகளில் ஓடவே கூடாது. எந்த கியரில் ஓடினாலும் நியூட்ரல் சுவிட்சும் கியர் கம்பியின் நீளமும் சரிசெய்யப்படும்வரை சக்கரக் கட்டைகளை எடுக்கக் கூடாது. சாவியை ‘லாக்’ நிலைக்குத் திருப்பி எடுத்தால் வீல் பூட்டிக்கொள்கிறதா, மீண்டும் போட்டுத் திருப்பினால் தயக்கமின்றி விடுபடுகிறதா என்பதையும், வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பும்போது மின்கம்பி எதுவும் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளவில்லை என்பதையும் பார்த்துவிட்டுத்தான் கட்டைகளை எடுக்க வேண்டும்.